கழுத்தறுத்தவன்

ஜன்னல் ஓரம் நீங்களே உக்காந்துக்குங்க. எனக்கு முன்னால ரோடு தெரிஞ்சாப் போதும். பழக்கமுங்க. எந்த பஸ்ஸுல ஏறினாலும் காலு தானா பிரேக்கைத் தேடுது. இந்த டிரைவர் பரவால்ல, ஆனா பாருங்க, திருப்பம் வர்றதுக்கு முன்னாலயே கியரைக் கொறைக்கணும். இவரு திருப்பத்துக்குள்ள போயிக் கொறைக்கறாரு. கீழ் ரோடுங்கறதால தப்பிக்குது. மலையில இது ஆகாதுங்க.

நானும் டிரைவர்தான். டிரைவரா இருந்தவன். பேரு சென்னியப்பன். சத்தியிலிருந்து தாளவாடிக்குப் போற பிரைவேட் வண்டி. திம்பம் மலை தெரியுமில்லீங்க, இருவத்தேழு கொண்டை ஊசி வளைவு, அதுல ஏறி எறங்கியே தலை நரைச்சவன். இப்ப ஓட்டறதில்ல. ஏன்னு கேளுங்க. நீங்க கேக்காட்டியும் நான் சொல்லுவேன். சத்தி வரைக்கும்தானே போறீங்க, நேரமிருக்குது.

எனக்குக் கண்டக்டரா ஒருத்தன் இருந்தான். மாதப்பன்னு பேரு. அவன் பண்ணுன துரோகமுங்க இது.

அவனைப் பத்தி மொதல்ல நல்லதைச் சொல்லிடறேன். இல்லாட்டி பொறாமையில பேசறான்னு நெனப்பீங்க. திம்பத்துல பனி எறங்குச்சுன்னா முன்னால போற லாரியோட பின் லைட்டுக்கூடத் தெரியாது. அப்ப அவன் படியில தொங்கிட்டு, "வாங்கண்ணா, வாங்க, இன்னும் ஒரு முழம் இருக்குது, வாங்க"ன்னு குரல் குடுப்பான். அந்தக் குரலை நம்பித்தான் நான் ஸ்டியரிங்கை ஒடிப்பேன். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், நடுவுல அவன் குரலு. பதினெட்டு வருசம். ஒரு தடவை சிராய்ப்புப் பட்டதில்ல வண்டி. அவங்கம்மா செத்தப்ப நான் பாடைக்குத் தோள் குடுத்தேன். என் மக கல்யாணத்துல பந்தி பூராவும் அவன்தான் நின்னு பாத்தான். அப்படி இருந்தவன்.

நோவுப் பேச்சு எப்ப வந்துச்சுன்னா, பஸ் ஸ்டாண்டுல ஒரு முகாம் போட்டாங்க. டிரைவர், கண்டக்டருக்கெல்லாம் கண்ணு, சக்கரை, பிரசர் பாக்கறாங்கன்னு. மாதப்பன்தான் இழுத்துட்டுப் போனான். ஒரு நர்சம்மா கையில பட்டையைச் சுத்தி அமுக்குச்சு. பாத்துட்டு மறுபடியும் அமுக்குச்சு. அப்புறம் அந்தக் கையில அமுக்குச்சு. "ஏனுங்க, தலை வலிக்கலீங்களா, கிறுகிறுன்னு வரலீங்களா"ன்னு கேட்டுச்சு. "ஒண்ணுமில்லம்மா, இப்பத்தான் மலையிலிருந்து வண்டி எறக்கிட்டு வர்றேன்"னேன். பிரசர் இருநூறுக்குப் பக்கமாம். டாக்டரு மாத்திரை குடுத்தாரு. தெனமும் போடணும், தானா நிறுத்தக்கூடாது, பீடி ஆகாது, உப்பைக் கொறைன்னாரு.

போட்டேனுங்க. இல்லேங்கல. ஒரு மாசம் ஒழுங்காப் போட்டேன். மறுக்காப் போய்ப் பாத்தா பிரசர் சரியா இருக்குதுன்னாங்க. சரியாப் போச்சில்ல, அப்புறம் எதுக்கு மாத்திரை? காச்சல் விட்டப்புறம் யாராச்சும் காச்சல் மாத்திரை முழுங்குவாங்களா? நீங்களே சொல்லுங்க. நிறுத்திட்டேன். ஒண்ணும் ஆகல. சோத்துக்குக் கருவாடு, வண்டியை நிறுத்துனா பீடி, எல்லாம் பழையபடி. நல்லாத்தான் இருந்தேன்.

மாதப்பனுக்குத்தான் பொறுக்கல. தெனமும் காலையில விசில் குடுக்கறதுக்கு முன்னால, "அண்ணா, மாத்திரை போட்டீங்களா?" நானும் போட்டேன், போட்டேன்னு சொல்லிட்டிருந்தேன். அது பொய் இல்லீங்க, பேச்சை முடிக்கறதுக்குச் சொல்றது.

அவன் அப்படிப் பயந்துக்கறதுக்கு ஒரு காரணமும் இருந்துச்சு. அவங்கண்ணன் பசுவண்ணன்னு, முட்டைக்கோசு லோடு ஓட்டிட்டிருந்தவரு. ஒரு நாள் சாப்பிடறப்ப கை தொவண்டு தட்டுல விழுந்துச்சாம். வாயி கொஞ்சம் கோணுச்சாம். வெத்தலை போட்டு முடிக்கறதுக்குள்ள சரியாப் போச்சு. எல்லாரும் சிரிச்சுட்டு விட்டுட்டாங்க. ரெண்டு நாள் கழிச்சுக் காட்டுல விழுந்தவருதான். அப்புறம் கட்டில்லயே வருசக்கணக்கா. பேச்சில்ல. நானே போய்ப் பாத்திருக்கேன், கடைசியில எடுத்தப்பவும் போயிருக்கேன். பாவந்தான். ஆனா அது அந்த மனுசனோட விதி. அதைக் கொண்டாந்து என் தலையில வெச்சா எப்படிங்க?

சரி, விசயத்துக்கு வர்றேன். ஒரு நாள் ஏத்தத்துல போயிட்டிருக்கறேன், எடது கண்ணுல திரை எறங்குன மாதிரி ஆச்சு. கருப்பா, மேலேயிருந்து கீழ. வலிகிலி ஒண்ணும் இல்ல. அடுத்த வளைவு வர்றதுக்குள்ள தெளிஞ்சுருச்சு. வெயில் கண்ணாடியில அடிச்சிருக்கும். ஆசனூர்ல நிறுத்துனப்ப இதை மாதப்பன்கிட்ட மட்டும் சொன்னேன். ஏன் சொன்னேன்? பதினெட்டு வருசக் கூட்டாளி, அவன்கிட்டச் சொல்லாம யாருகிட்டச் சொல்றது. அவன் மொகம் வெளுத்துப் போச்சு. "இன்னிக்கே ஆஸ்பத்திரி போலாங்கண்ணா"ன்னான். நான் அவன் கையைப் புடிச்சு, "எம்பொண்டாட்டிக்கும் தெரியக்கூடாது, மொதலாளிக்கும் தெரியக்கூடாது, என்மேல சத்தியம் பண்ணு"ன்னேன். பண்ணுனான். என் கையில அடிச்சுப் பண்ணுனான், பாத்துக்குங்க.

மொதலாளி காதுக்குப் போச்சுன்னா என்னாகும்? மலை வண்டியை விட்டு எறக்கிருவாரு. கண்ணு மங்குனவன்கிட்ட யாரு அறுவது பேரைக் குடுப்பாங்க. நானா இருந்தாலும் குடுக்க மாட்டேன். அதனாலதான் சொல்ல வேண்டாம்னேன்.

ஒரு வாரம் போயிருக்கும். காலைல தாளவாடியிலிருந்து எறங்கற வண்டி. நல்ல கூட்டம். பண்ணாரி கோயிலுக்குப் போற பொம்பளைங்க, காலேஜுப் புள்ளைங்க, ஒரு பொண்ணு வூட்டுக்காரங்க சீர்த் தட்டோட. திம்பம் உச்சியில டீக்கடையில நிறுத்துவோம். எறக்கம் ஆரம்பிக்கறதுக்கு முன்னால ஒரு டீ, ஒரு பீடி. கிளாசை வாங்குனேன். வாங்குன கிளாசு கையில நிக்கல. நழுவி வுழுந்து ஒடைஞ்சுருச்சு. குனிஞ்சு பாக்கறேன், சோத்தாங்கை என்னோடது மாதிரியே இல்ல. யாரோ தோள்ல கட்டித் தொங்கவுட்ட மாதிரி தொங்குது. கடைக்காரரு "என்னாச்சுங்க"ன்னாரு. "ஒண்ணுமில்ல, சூடு"ன்னு சொல்றேன். நான் அதைத்தான் சொன்னேன். ஆனா வெளிய வந்தது வேற என்னமோ. கொழகொழன்னு. பக்கத்துல நின்ன ஒரு பொம்பளை காலங்காத்தால குடிச்சிருக்கான்னு மொகத்தைச் சுளிச்சுச்சு. நான் வாழ்க்கையில சொட்டுத் தொட்டதில்லீங்க.

பெஞ்சுல உக்காந்தேன். கொஞ்ச நேரந்தான். வெரலு அசைஞ்சுச்சு, கை தூக்குச்சு, பேச்சும் வந்துருச்சு. எல்லாம் சரி. ராத்திரி சரியாத் தூங்கல, வெறும் வயிறு வேற. எந்திரிச்சு வண்டிக்குப் போனேன்.

மாதப்பன் எனக்கு முன்னால போயி டிரைவர் சீட்டுக்குப் பக்கத்துல நிக்கறான். சாவி அவன் கையில.

"எடு சாவியை"ன்னேன்.

"வண்டி போகாதுங்கண்ணா."

"என்னடா வெளையாடற? சனம் காத்திருக்குது."

"காத்திருக்கட்டும். உங்களுக்குக் கை போச்சு, வாயி போச்சு, போன வாரம் கண்ணு போச்சு. எங்கண்ணனுக்கு ஒரே ஒரு தடவைதான் போச்சு. நீங்க எறங்குங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

அறுவது பேருக்கு முன்னால சொல்றானுங்க. சத்தியம் பண்ணுன வாயி. ஒரு கெழவரு எந்திரிச்சு, "டிரைவருக்கு என்னப்பா"ன்னு கேக்கறாரு. சீர்த் தட்டுக்காரங்க முகூர்த்தம் போயிரும்னு சத்தம் போடறாங்க. எனக்கு ரத்தம் கொதிச்சுருச்சு. அதே கைதான், சோத்தாங்கை, வுட்டேன் ஒரு அறை. படியில சாஞ்சு வுழுந்தான். திருப்பி அடிக்கல. மொறைக்கக்கூட இல்ல. எந்திரிச்சு வெளிய போனான், கைப்பிடிச் செவுத்துக்கிட்ட நின்னான், சாவியைப் பள்ளத்துல வீசிட்டான். காட்டுக்குள்ள. யானை போற பள்ளம். யாரு எறங்கித் தேடுவா?

அவ்வளவுதான். வண்டி அங்கயே நின்னுச்சு. சனமெல்லாம் திட்டிட்டே பின்னால வந்த வண்டிகள்ல தொத்திட்டுப் போச்சு. நான் டீக்கடையில தலையைக் குனிஞ்சு உக்காந்திருக்கறேன், அவன் என் பக்கத்துல நின்னுட்டு மொதலாளிக்குப் போன் பண்றான். எல்லாத்தையும் சொல்றான். கண்ணு இருண்டது, போட்டேன் போட்டேன்னு சொல்லிட்டே மாத்திரையை நிறுத்துனது, பீடி, கருவாடு, ஒண்ணு விடல. நானே மறந்துபோனதெல்லாம் அவனுக்கு நெனவிருக்குது. அப்புறம் தக்காளி வண்டி ஒண்ணை மறிச்சு, என்னை முன்னால ஏத்தி, அவன் கூடைக மேல உக்காந்துட்டு வந்தான்.

சத்தி ஆஸ்பத்திரியில பாத்துட்டு, உடனே கோயமுத்தூர் கொண்டுட்டுப் போங்கன்னுட்டாங்க. அங்க ஒரு லேடி டாக்டரு. மெசின்ல வுட்டு எடுத்துப் பாத்துட்டு, கழுத்துல எடது பக்கம் மூளைக்கு ரத்தம் போற கொழாயி முக்காவாசிக்கு மேல அடைச்சிருக்குதுன்னாங்க. அதுலயிருந்து துணுக்குத் துணுக்காப் பிஞ்சு மேல போயிட்டிருக்குதாம். "இது முன்னால வர்ற எச்சரிக்கை. பெருசா வர்றதுக்கு முன்னால வந்துட்டீங்க. நெறையப் பேரு சரியாப் போச்சுன்னு வூட்டுலயே இருந்துக்கறாங்க. உங்களைக் கூட்டிட்டு வந்தது யாரு?"

"கண்டக்டருங்க"ன்னா எம்பொண்டாட்டி சாந்தாமணி.

"அவருக்கு ஒரு கும்பிடு போடுங்க"ன்னாங்க டாக்டரு. அவங்களுக்கு என்ன தெரியும், சாவி வெவகாரம் தெரியாதில்ல.

இங்க பாருங்க, காலரை வெலக்கறேன், தெரியுதுங்களா தழும்பு? காதுக்குக் கீழயிருந்து இது வரைக்கும். தொறந்து, கொழாயியைக் கீறி, உள்ள இருந்த கசடைச் சொரண்டி எடுத்துத் தைச்சாங்க. ஒருத்தன் ஏமாத்திட்டான்னா கழுத்தை அறுத்துட்டான்னு சொல்லுவோமில்லீங்க? எனக்கு நெசமாவே அறுத்துட்டாங்க.

ஆஸ்பத்திரியில இருந்த வரைக்கும் அவன் வெளிய பெஞ்சுலதான் கெடந்தானாம். உள்ள வந்தான் ஒரு நாள். நான் செவுத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டேன். கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டுப் போயிட்டான்.

அப்புறம் மொதலாளி கூப்புட்டாரு. "சென்னியப்பா, இனி மலை வேண்டாம், பஸ்ஸே வேண்டாம். ஷெட்டுல இரு, வண்டிக வர்றது போறது பாத்துக்க"ன்னாரு. ஷெட்டுல உக்காந்து மத்தவன் வண்டியைக் கழுவறதைப் பாத்துட்டிருக்கறேன். அந்த ஸ்டியரிங் என் கையில இருந்தப்ப நான் ஒரு மனுசனுங்க. பண்ணாரியில வண்டியை நிறுத்துனா பூக்காரம்மா முழம் பூ கொண்டாந்து கண்ணாடிக்குப் போடும். "சென்னியப்பன் வண்டியா, அப்பத் தூங்கிட்டே போலாம்"னு சனம் பேசும். இப்ப என்னை யாருக்குத் தெரியும்?

மாதப்பனையும் நிறுத்திட்டாரு. நடுக்காட்டுல வண்டி நின்னது, சாவியை வீசுனது, சீர்க்காரங்க வந்து சண்டை போட்டது, எல்லாம் சேந்துருச்சு. என்னைக் கேட்டாரு மொதலாளி. "நீ என்ன சொல்ற, வெச்சுக்கலாமா?"ன்னு. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வெச்சிருப்பாரு. நான் ஒண்ணும் சொல்லல. எதுக்குச் சொல்லணும்? இப்ப அவன் தாளவாடியில கோசு மண்டியில மூட்டை எடை போடறான்னு கேள்வி.

வூட்டுக்கும் வந்தானுங்க. சாத்துக்குடி வாங்கிட்டு வந்தான். கதவைத் தெறக்காதன்னேன். சாந்தாமணி தெறந்து, உக்கார வெச்சு, காப்பியும் குடுத்தா. நான் ரூமை விட்டு வெளிய வரல. அப்புறந்தான் தெரிஞ்சுது, அவன் தெனமும் காலையில அவளுக்குப் போன் பண்றான். நான் மாத்திரை போட்டனான்னு கேக்கறதுக்கு. என் வூட்டுக்குள்ளயே ஆளு வெச்சிருக்கான் பாருங்க. சத்தம் போட்டேன். அவ சட்டியைக் கழுவிட்டே சொல்றா: "அவரை அறைஞ்ச கையிலதான இன்னிக்கும் சோத்தைப் பெசஞ்சு உங்கறீங்க. அந்தக் கை எப்படி உங்ககிட்ட நின்னுச்சுன்னு என்னைக்காச்சும் ரோசிச்சீங்களா?" அவகூட நாலு நாள் பேசல நான்.

நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதானுங்க. வரும், வரும்னு சொன்னாங்கல்ல? பக்கவாதம் வரும், வுழுந்துருவேன், மலையில வண்டியோட போயிருவேன்னு? வந்துச்சா? ரெண்டு வருசமாச்சு. எனக்கு ஒண்ணுமே வரல. கையப் பாருங்க, நல்லாப் புடிங்க, எப்படி இருக்குது? மாத்திரை போடறேன், அது அவ தொல்லைக்கு. பீடி நிறுத்திட்டேன், அது இருமலுக்கு. உப்பில்லாமத் திங்கறேன், அவ போடறதில்ல, என்ன பண்றது. காலையில ஷெட்டு வரைக்கும் நடக்கறேன், வண்டிதான் இல்லியே. மத்தபடி நான் பழைய ஆளுதான். ஒண்ணுமே வராத நோவுக்கு என் வண்டியைப் புடுங்குனானே, அதைத்தான் கேக்கறேன்.

இன்னிக்கு எங்க போயிட்டு வர்றேன்னு கேக்கலியே நீங்க. புளியம்பட்டிப் பக்கம் கொழந்தைவேலுன்னு ஒருத்தர் வூட்டுக்கு. எனக்கப்புறம் என் வண்டியை ஓட்டுனவரு. நல்ல கை. என்னைவிடச் சின்ன வயசு. அவருக்கும் பிரசர் இருந்திருக்குது, மாத்திரையும் சரியாப் போடல. ஒரு நாள் பாதி மொகம் மரத்துப்போயிச் சரியாயிருக்குது. அவரோட கண்டக்டர் சம்பத்துக்கு மட்டுந்தான் தெரியும். யாருகிட்டயும் சொல்லாதன்னிருக்காரு. சம்பத்தும் சொல்லல. எங்கயும் வாயைத் தெறக்கல. அவனைச் சொல்லணுங்க கூட்டாளின்னு.

போன மாசம் ஷெட்டுல வண்டியை நிறுத்திட்டு எறங்கறப்ப வுழுந்துட்டாரு. நல்ல வேளை, மலையில இல்ல. நான் அன்னிக்கு லீவு. சோடா குடுத்து, படுக்க வெச்சா சரியாப் போயிரும்னு சம்பத்து அவரை அவரு வூட்டுல கொண்டுட்டுப் போயிப் போட்டிருக்கான். ஆஸ்பத்திரிக்குப் போறப்பப் பொழுது சாஞ்சிருச்சு. சீக்கிரம் கொண்டாந்திருந்தா அடைப்பைக் கரைக்க மருந்து இருந்துச்சு, இப்ப நேரம் போச்சுன்னுட்டாங்க.

பாக்கணும்னு இருந்துச்சு, போனேன். கட்டில்ல கெடக்கறாரு. ஒரு பக்கம் சுத்தமா இல்ல. என்னைப் பாத்ததும் வாயைத் தெறந்து என்னமோ சொல்லப் பாத்தாரு. பத்துத் தடவை பாத்திருப்பாரு. ஒரே சத்தந்தான் வருது. அப்புறம் கண்ணுல தண்ணி. அவரு சம்சாரம் தொடைச்சு வுட்டுச்சு. பெருங்கஷ்டமுங்க, அதைச் சொல்ல முடியாது. 

உள்ள இன்னொருத்தன் இருந்தான். கட்டில் தலைமாட்டுல. மாதப்பன். லீவு நாள்ல மலையிலிருந்து எறங்கி வந்துட்டுப் போறானாம். அவங்கண்ணனை வெச்சுப் பாத்தவனாச்சே, படுக்கைப் புண்ணு வராமப் பாத்துக்கற வெதம் தெரியும். அந்தம்மாவுக்குச் சொல்லிக் குடுத்துட்டிருந்தான்.

என்னைப் பாத்தான். நானும் பாத்தேன். 

அந்தம்மா, "இவரைத் திருப்பிப் போடணுங்க, என்னால தனியா ஆகல"ன்னுச்சு. நல்ல கனமான ஆளு கொழந்தைவேலு. மாதப்பன் தோளுக்குக் கீழ கையைக் குடுத்தான். நான் இடுப்பையும் காலையும் புடிச்சேன். யாரும் ஒண்ணு ரெண்டுன்னு சொல்லல. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல தூக்குனோம். துணி மாத்தி, பவுடர் போட்டு, சாய்ச்சுப் படுக்க வெச்சோம். எல்லாம் முடிஞ்சு நிமிந்தா, மாதப்பன் என்னையே பாத்துட்டு நிக்கறான். கண்ணு ரெண்டும் ரொம்பி வழியுது. மொகத்தைத் துண்டுல பொத்திக்கிட்டு வெளிய போயிட்டான்.

அவனுக்கு மனசு குத்துதாட்ட இருக்குது, அழுவட்டும். பதினெட்டு வருசச் சிநேகிதத்தை அத்தனை பேரு முன்னால போட்டு ஒடைச்சவன். நானும் வாசல்ல செருப்பை மாட்டிட்டுக் கொஞ்ச நேரம் நின்னு பாத்தேன், ஏதாச்சும் சொல்லுவானான்னு. கெணத்தடியில மொகம் கழுவிட்டே இருந்தான். பஸ்ஸுக்கு நேரமாச்சு, வந்துட்டேன்.

ஷெட்டு வந்துருச்சுங்க, நான் எறங்கணும். கொஞ்சம் காலை ஒதுக்கிக்குங்க. நீங்க நாயத்தைச் சொல்லுங்க, யாரு மொதல்ல பேசணும்? தப்புப் பண்ணுனவன்தானே? ஒரு வார்த்தை, "அண்ணா, தப்பாப் போச்சு"ன்னு சொன்னான்னாப் போதும். நான் அப்பவே மறந்துருவேன், கல்லு மனசுக்காரன் இல்ல நானு. சொல்லட்டும். மெதுவா வரட்டும். எனக்கென்னங்க அவசரம், டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க, இப்படியே இருந்தா இன்னும் இருவது வருசம் தாராளமா இருப்பேன்னு. காத்துட்டிருக்கறேன்.